முதலில் அடித்தவன்

லூயிவில், கென்டக்கி
பிப்ரவரி 19, 1979

வெண்டல்,

உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாதாம். நல்லது. குறுக்கே பேசாமல் இதைப் படிப்பாய்.

புதன்கிழமை கூடைப்பந்து ஆட்டத்தில் நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவது கால் பகுதி. பந்து அந்தப் பக்கம் போய்விட்டது, கேமராவும் அதன் பின்னாலேயே போய்விட்டது. கூடைக்குக் கீழே நாம் இரண்டு பேர். உன் முழங்கை என் தொண்டையில் இறங்கியது. மூச்சு நின்றுபோய்க் குனிந்தேன். இரண்டாவது இடி காதுக்குப் பின்னால். மூன்றாவதும் வரப்போகிறது என்று உன் தோள் அசைந்த விதத்தில் தெரிந்தது. திரும்பி ஒரே ஒரு குத்து விட்டேன். கேமரா திரும்பி வந்தபோது அதற்குக் கிடைத்தது அது ஒன்றுதான்: லூயிவில் அணியின் ஆறடி ஒன்பது அங்குலக் கறுப்பன் ஒருவன், டொலீடோ அணியின் வெள்ளைக்காரன் ஒருவனைக் காரணமே இல்லாமல் அடித்துச் சாய்க்கிறான். தரையில் ரத்தம். இரண்டு பல்.

உன் எலும்பு உடைந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் பத்திரிகைகளைப் பார். நீ 'பண்ணை வீட்டுப் பிள்ளை, பெரிய திறமை இல்லாவிட்டாலும் உழைப்பால் நிலைத்தவன்.' நான் 'இயற்கை கொடுத்த உடம்பு, அடக்கத் தெரியாத மனசு.' நாலு வருடம் கல்லூரியில் ஒரே அறையில் கிடந்தோமே, அப்போதும் இதையேதான் எழுதினார்கள். நீ மூளையால் ஆடுகிறாயாம், எனக்குப் பிறவித் திறமையாம். எதிரணியின் நகர்வுகளை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வரைந்து கண் எரிந்தவன் நான். விளக்கை அணைடா என்று தலையணையை வீசினவன் நீ. நின்ற இடத்திலிருந்து எம்பி வளையத்துக்கு மேலே முழங்கையை வைக்கிற உடம்பு உன்னுடையது. அந்தப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு இரண்டு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தோம்.

லீக் இந்தப் பருவம் முழுக்க என்னை வெளியே தள்ளிவிட்டது. மார்ச் 12 அன்று நியூயார்க்கில் மேல்விசாரணை. என் வக்கீல் உன்னையும் அழைத்திருக்கிறார். பக்கம் பக்கமாக எதுவும் வேண்டாம். முதலில் அடித்தது யார் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்.

"அவன் சொல்லமாட்டான். இருந்தாலும் கேட்டுடு. பின்னாடி கேக்காம விட்டுட்டோமேன்னு இருக்கக்கூடாது" என்கிறாள் ஒடெஸ்ஸா. என் மனைவிக்கு உன்னைப் பற்றி என்னைவிடத் தெளிவு அதிகம்.

ஆம்ப்ரோஸ் டில்லரி


டொலீடோ, ஒஹாயோ
பிப்ரவரி 27, 1979

ஆம்ப்ரோஸ்,

என் தாடையை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டு என்னிடமே உதவி கேட்கிறாய். உன் தைரியம் யாருக்கும் வராது.

தக்காளி சூப்பைக் குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். வாந்தி வந்தால் அது வெளியே போக வழியில்லாமல் மூச்சடைத்துச் செத்துப்போவேனாம். அதனால் கம்பி வெட்டுகிற இடுக்கி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். குளிக்கும்போதும் கழற்றக்கூடாது. நீ போட்ட மாலை.

உனக்கு என்னடா தெரியும்? நீ முதல் வருடமே களத்தில் இறங்கினவன். எழுபத்திரண்டில் பயிற்சி முகாமின் முதல் நாள், உடை மாற்றும் அறையில் ஒருத்தன் என்னைக் கேட்டான், "டிக்கெட் வாங்கறவங்களுக்கு அவங்க மூஞ்சி மாதிரி ஒரு மூஞ்சி வேணும்னுதானே உன்ன எடுத்தாங்க?" அறையே சிரித்தது. கறுப்பர்கள் மட்டும் இல்லை. மாலையில் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஹெர்ம் பிளாஸ்கி என்னைக் கூப்பிட்டார். "டீம்ல கடைசியா பன்னெண்டாவது எடம் ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரனுக்குன்னே வெச்சிருக்கற எடம். அதுக்கு உன்ன மாதிரி நூறு பேரு வெளிய நிக்கறான். பந்தத் தொடாத. ஆளத் தொடு."

ஏழு வருடமாக ஆளைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு பேருக்கு விலா, ஒருத்தனுக்கு மூக்கு, ஒருத்தனுக்கு முழங்கால். அந்த முழங்கால்காரன் அப்புறம் ஆடவே இல்லை. என்னால் எம்ப முடியும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. எம்பச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

அன்று இடைவேளையில் பிளாஸ்கி என் காதோரம் வந்து சொன்னார், "டில்லரி இருவத்திரெண்டு பாயின்ட் போட்டுட்டான். கடைசிப் பகுதியில அவன் உள்ள இருக்கக்கூடாது." நான் ஏன் என்று கேட்கவில்லை. உன் பெயரைச் சொன்னார், அப்போதும் கேட்கவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடு.

ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. வாயைத் திறந்தால் எந்த அணியும் என்னைச் சீண்டாது. ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. என் தம்பி ஜீன் ஆஸ்பத்திரிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதான். "அவன சும்மா விடமாட்டேண்ணே" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அதைப் போய் நான் கெடுக்கணுமா?

என்னால் முடியாது. இதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன், கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று உனக்குப் புரியும்.


லூயிவில்
மார்ச் 14, 1979

வெண்டல்,

திங்கட்கிழமை உனக்கு எதிரே பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

"மிஸ்டர் ஹால்வர்சன், நீங்க அவர முதல்ல அடிச்சீங்களா?" என்று விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார். உன் வாயில் கம்பி. பேச வேண்டிய சிரமம்கூட உனக்கு இல்லை. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தலையை ஆட்டினாய். முடிந்தது. "பாவம்" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அது உனக்கு.

உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. வக்கீல் முன்பே சொல்லிவிட்டார், "கையெழுத்து இல்ல. நீங்களே டைப் அடிச்சிக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க." அப்படியும் எடுத்திருக்கலாம். கடைசி நிமிடம்வரை நீயே சொல்வாய் என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனத்துக்காக என்னையே நான் அடித்துக்கொள்ள வேண்டும்.

இனி எழுதாதே. வந்தால் திறக்காமல் திருப்பி அனுப்புவேன்.

ஆம்ப்ரோஸ்


லூயிவில்
ஏப்ரல் 6, 1979

வெண்டல்,

உன் இரண்டு கடிதங்களைப் படிக்காமலேயே திருப்பிவிட்டேன். இப்போது நானே எழுதுகிறேன், ஒரு கேள்விக்காக.

ஏப்ரல் 1, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட உட்காரப் போகிறோம். நான் அடுப்பிலிருந்து சோளரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒடெஸ்ஸா முன்னறை ஜன்னலைத் திறக்கப் போனாள். "ஆம்ப்ரோஸ், இந்த வண்டி ரெண்டாவது தடவ வருது" என்றாள். அவள் அவ்வளவுதான் சொன்னாள்.

இரட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு குழலையும் காலி செய்தார்கள். நான் ஓடிப்போனபோது ஜன்னல் இல்லை. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து ரத்தம் வடிந்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கழுத்துக் காயம் ஆழமில்லை. கையில் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் மருத்துவர் எடுத்துவிட்டார். அவள் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறவள், வெண்டல்.

போலீஸ்காரர் நோட்டை மூடிக்கொண்டே சொன்னார், "இத்தன பேருக்குக் கோவம் வர்ற மாதிரி நடந்துக்கிட்டீங்களே சார்."

தெருமுனை வரைக்கும் அந்த வண்டியைத் துரத்தினேன். பச்சை நிற பிக்கப் லாரி. இந்தியானா எண் பலகை. பின்கதவு இல்லை, அதற்குப் பதிலாகக் குறுக்கே ஒரு வெள்ளைப் பலகை. இந்தியானாவில் பச்சை வண்டி ஆயிரம் இருக்கும் என்கிறது போலீஸ். எழுபத்தொன்று கோடையில் வைக்கோல் கட்டு ஏற்ற இந்தியானாவில் உங்கள் பண்ணைக்கு வந்தேனே, அப்போது பின்கதவு கழன்று விழுந்த உன் அப்பாவின் வண்டிக்குப் பலகை வைத்து ஆணி அடித்தது யார்? நீ பிடித்துக்கொண்டாய், நான் அடித்தேன்.

அந்த வண்டிதானா? ஆம் அல்லது இல்லை.

ஆம்ப்ரோஸ்


டொலீடோ
ஏப்ரல் 16, 1979

ஆம்ப்ரோஸ்,

ஆம்.

உன் கடிதம் வந்த அன்றே பண்ணைக்குப் போனேன். வண்டி கொட்டகையில் நின்றது. ஜீன் டிராக்டருக்கு அடியில் படுத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான். காலைப் பிடித்து இழுத்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "தெரிஞ்சிடுச்சாண்ணே?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

அவன் சிரித்த வாயிலேயே அடித்தேன். எழுந்து ஒரு இரும்பு ஸ்பேனரை எடுத்து என் தோளில் போட்டான். பிடுங்கி எறிந்துவிட்டு அவனை மேசைமேல் குப்புறத் தள்ளிக் கையை முதுகுப் பக்கம் திருகினேன். நிறுத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். நிறுத்தவில்லை. முழங்கைக்கு மேலே முறிந்தது. அவன் அலறியதில் பக்கத்துத் தொழுவத்தில் மாடுகள் முட்டிக்கொண்டன. அப்பா ஓடிவந்து துப்பாக்கியை என் பக்கம் நீட்டினார். சொந்த மகனைப் பார்த்து.

ஜீன் தரையில் கிடந்துகொண்டே கேட்டதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. "நீதானண்ணே சொன்ன அவன்தான் முதல்ல அடிச்சான்னு? நியூயார்க்குல நீதானே தலையாட்டின? பொய்யின்னா எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் சுட்டது உன் ஜன்னலைத்தானாம். உள்ளே ஆள் இருந்தது தெரியாதாம். நம்புகிறேனா என்று கேட்காதே.

அப்பா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "இது நம்ம வீட்டோட போகணும்" என்றார். இங்கே வந்து நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

வெண்டல் ஹால்வர்சன்


லூயிவில்
ஏப்ரல் 21, 1979

வெண்டல்,

இந்தத் தடவை கையெழுத்து இருக்கிறது. பார்த்தேன்.

நீ செய்ய வேண்டியதை என்னிடம் கேட்காதே. ஒரு ஆள் சொன்னான் என்று என்னை இடித்தாய், இப்போது நான் சொன்னேன் என்று இன்னொன்றைச் செய்யப் பார்க்கிறாய். உன் தலை உன் கழுத்தின் மேல்தானே இருக்கிறது?

தம்பியின் கையை உடைத்ததை எனக்குப் பரிசு மாதிரி எழுதியிருக்கிறாய். ஒடெஸ்ஸாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இன்னொருத்தர் கை ஒடைஞ்சா எனக்கு வெரல் மொளைக்குமா? அந்தப் பையன் கேட்டான் பாரு ஒரு கேள்வி, அதுக்கு உன் ஃப்ரெண்டு என்ன பதில் சொன்னான்?"

சொன்னாயா?

ஆம்ப்ரோஸ்


டொலீடோ
ஜூன் 30, 1979

ஆம்ப்ரோஸ்,

செய்தித்தாளில் பாதி பார்த்திருப்பாய். மீதியை எழுதுகிறேன்.

மே மாதம் ஜீனிடம் போய்ச் சொன்னேன். முதலில் அடித்தது நான், அடிக்கச் சொன்னது பிளாஸ்கி, அவன் நம்பினது என் பொய் என்று. உடைந்த கையைத் தடவிக்கொண்டான். பிறகு, "அப்ப நான் யாருக்காகண்ணே சுட்டேன்?" என்றான். மறுநாள் நானே அவனை வண்டியில் ஏற்றி லூயிவில் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கையில் மாவுக்கட்டு, விலங்கு மாட்ட ஒரு கைதான் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டான், நாலு வருடச் சிறை கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் நியூயார்க். எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பிளாஸ்கி ஒரே வரியில் முடித்துவிட்டார், "பாவம், தலையில பட்ட அடி. டில்லரியோட குத்து அவன் மூளையக் கலக்கிடுச்சு." எல்லாப் பத்திரிகையும் அதையே எழுதிற்று. பார்த்தாயா, என் உண்மையைக்கூட உன் கணக்கில்தான் எழுதுகிறார்கள். உன் தண்டனை அப்படியே நின்றது. எனக்கு ஒரு வருடத் தடை. டொலீடோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அப்பாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறக்கவில்லை. திரும்பும் வழியில் ஊர் உணவு விடுதியில் காபி குடித்துவிட்டு வெளியே வந்தேன், ஐந்து பேர் நின்றார்கள். பள்ளிக்கூட அணியில் எனக்குப் பந்து போட்டவன் ஒருத்தனும் இருந்தான். "கறுப்பனுக்காகக் கூடப் பொறந்தவனையே வித்துட்டியேடா" என்றான். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் இரண்டு பேரையாவது படுக்க வைத்திருப்பேன். விழுந்த பிறகும் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே முட்டை சாப்பிட்டார்கள். மூன்று விலா. தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ உடைத்த இடம் கெட்டியாகச் சேர்ந்திருக்கிறது.

ஒடெஸ்ஸாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கென்று நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

வெண்டல் ஹால்வர்சன்


லூயிவில்
நவம்பர் 19, 1979

வெண்டல்,

தடை முடிந்து வந்த பிறகு வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாக டொலீடோவில் ஆடினேன். உன் பழைய ஊர். உள்ளே நுழைந்ததிலிருந்து கூச்சல். யாரோ ஒருவன் டார்ச் பேட்டரியை எறிந்தான், நெற்றி பிளந்தது. துடைத்துக்கொண்டு பதினெட்டு பாயின்ட் போட்டேன்.

மூன்றாவது பகுதியில் பிளாஸ்கி ஒரு ஆளை இறக்கினார். பாட்ரிக் என்று பெயர், வெள்ளைக்காரன், மலை மாதிரி தோள். பன்னிரண்டாவது இடம். என் பக்கத்தில் வந்து நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் கண் பந்தின் மேல் இல்லை. பந்து அந்தப் பக்கம் போயிற்று. அவன் முழங்கால் என் விலாவில் ஏறியது, அப்புறம் முழங்கை மூக்கில். மூக்கு உடைந்து தொண்டைக்குள் ரத்தம் இறங்கியது. என் வலது கை மடங்கிவிட்டது, வெண்டல். அதை நான் என் கால்சட்டையின் இடுப்புக் கயிற்றில் நுழைத்துக்கொண்டேன். அப்படியே நின்றேன். அவன் இன்னொரு தடவை இடித்தான். அப்போதும் நின்றேன். கூட்டத்தின் ஒரு பகுதியில் சத்தம் அடங்கியது. கேமரா திரும்பி வந்தபோது என் கை இடுப்பில் இருந்தது, அவன் முழங்கை என் முகத்தில் இருந்தது.

பிறகு அவனே மருத்துவ அறைக்கு வந்தான். கதவருகில் நின்று, "கோச்தான் சொன்னாரு. உங்கள இடிக்கலன்னா நான் வீட்டுக்குப் போகணும்" என்றான். "இதப் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லுவியா?" என்று கேட்டேன். ஓடிவிட்டான். ஆனால் என் மூக்கைத் தைத்துக்கொண்டிருந்த டாக்டர் கேட்டுவிட்டார். அவர் டொலீடோக்காரர், வெள்ளைக்காரர், அறுபது வயது. "நான் சொல்றேன்" என்றார்.

நீ ஒருத்தன் சொன்னபோது பைத்தியக்காரன் பேச்சு. இப்போது இரண்டு பேர். டிசம்பர் 10 அன்று பிளாஸ்கியை விசாரிக்கிறார்கள். உன்னையும் கூப்பிடுவார்கள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஒடெஸ்ஸாவும் இல்லை. அதை ஒளிக்காமல் எழுது என்று அவளே சொன்னாள். ஆனால் ஊர் விடுதி வாசலில் நீ கையைத் தூக்காமல் நின்றதாக எழுதியிருந்தாயே, வெள்ளிக்கிழமை அது எனக்கு ஞாபகம் வந்தது. இதையும் எழுது என்றாள்.

ஆம்ப்ரோஸ்


ஃப்ளின்ட், மிச்சிகன்
டிசம்பர் 23, 1979

ஆம்ப்ரோஸ்,

பிளாஸ்கிக்கு வாழ்நாள் தடை என்று ரேடியோவில் கேட்டேன். விசாரணை அறைக்கு வெளியே, நடைவழியில் உன்னைப் பார்த்தபோது மூக்கில் பிளாஸ்திரி போட்டிருந்தாய். நீ நிற்காமல் போனாய், நானும் கூப்பிடவில்லை. ஒடெஸ்ஸா மட்டும் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். கையுறை போட்டிருந்தார். நான் தொப்பியைக் கழற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இங்கே ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. தாடி வளர்த்துவிட்டேன். மாதம் ஒருமுறை ஜீனைப் பார்க்க கென்டக்கிச் சிறைக்கு வருகிறேன். கை சரியாக மடங்கவில்லை அவனுக்கு. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

போன வாரம் ஒரு அணியிலிருந்து பயிற்சியாளர் கூப்பிட்டார். ஜூனில் என் தடை முடிகிறதாம். "உன்ன மாதிரி ஒரு ஆளு எங்களுக்கு வேணும்" என்றார். "என்னைப் பந்து போட விடுவீங்களா?" என்று கேட்டேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயக் கூடம். ஞாயிறு மதியம் தொழிலாளிகள் ஆடுவார்கள், எல்லாரும் கறுப்பர்கள். இன்று ஒரு ஆள் குறைந்தது, என்னைக் கூப்பிட்டார்கள். எதிரே நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும், உலைக்களத்தில் வேலை செய்கிறவர், பெயர் க்ளோவிஸ். முதல் பந்து வந்தபோது என் முழங்கை தானாகக் கிளம்பி அவர் தொண்டைப் பக்கம் போயிற்று. நான் சொல்லாமலே. பாதி வழியில் பிடித்து நிறுத்தினேன். அந்த நொடியில் அவர் என்னைத் தாண்டிப்போய்ப் பந்தைப் போட்டுவிட்டார். "தூங்கறியா வெள்ளக்காரா?" என்று எல்லாரும் கத்தினார்கள்.

அப்புறம் கைகளைக் கீழே வைத்துக்கொண்டு ஆடினேன். பந்து வந்தால் எம்பினேன். முப்பத்தொரு பாயின்ட் போட்டேன், ஆம்ப்ரோஸ். ஒருத்தர்மேலும் இடிக்கவில்லை.

முடிந்ததும் க்ளோவிஸ் சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "நல்லா ஆடறியே தம்பி. எங்கயாவது ஆடியிருக்கியா?"

"காலேஜ்ல, நாலு வருஷம்" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஆடலண்ணே."

வெண்டல்